வார்னிஷுக்கு எழுபது டிகிரி

1

வருகிற வியாழக்கிழமையோடு ராஜேஸ்வரி போய் ஒரு வருடம் ஆகிறது. போய் என்றதும் பதறிவிடாதீர்கள், கோயம்புத்தூருக்குத்தான் போனாள். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று போன் வந்தது. "ரெண்டு மாசம் இருந்து பாத்துட்டு வந்துர்றேனுங்க" என்று ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பினாள். நெவார்க் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். மாமியார் ஐப்பசியில் கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். மனைவி மட்டும் திரும்பவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வைத்திருப்பவர் சேர்ந்தாற்போல ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால், அந்த அட்டையைக் காட்டித் திரும்ப உள்ளே நுழைய முடியாது. கூடுதலாகத் தங்குவதற்கு ஒரு அனுமதிப் பத்திரம் உண்டு. ஆனால் அதற்கு இந்த மண்ணில் நின்றுகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குப் போகிறவளுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆக, வியாழக்கிழமைக்குள் அவள் வந்து இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய அட்டை வெறும் பிளாஸ்டிக். மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம், எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் வக்கீல்.

போன மாதம் டிக்கெட் எடுத்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை விமானம். "வந்துச்சுங்க" என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்று ஞாயிறு. ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு அவளைப் போனில் கூப்பிடுவது வழக்கம். அங்கே அப்போது மாலை ஏழரை. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பனி கட்டிதட்டிக் கிடக்கிறது. உள்ளே நான் அரைக்கைச் சட்டையில் இருக்கிறேன்.

வருத்தமாக இருக்கிறதா என்றால் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது. கன்னம் இருக்கிறது. நம்முடையதுதான். அவ்வளவுதான்.

2

கொட்டகையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே இதற்கு 'போல் பார்ன்', அதாவது கம்பக் கொட்டகை, என்று பெயர். கரண்ட் கம்பம் மாதிரி மரத் தூண்களை மண்ணில் நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, சுற்றிலும் கூரையிலும் தகரம் போர்த்திவிட்டால் முடிந்தது. டிராக்டர் நிறுத்தவும் வைக்கோல் போடவும் விவசாயிகள் கட்டிக்கொள்வது. தரை வெறும் மண். தகரத்தில் காற்று அடித்தால் பேய் வந்து தட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். எங்கள் ஊரில் கொட்டாய் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இந்த வீடு வாங்குவதற்கு முன்னால் ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற ஊரில் எட்டு வருடம் அபார்ட்மென்டில் இருந்தோம். நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியர். ராஜேஸ்வரி வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டாள். எந்த நேரமும் நாலைந்து குழந்தைகள் வீட்டில் கத்திக்கொண்டிருக்கும். தமிழ்க் குழந்தை, தெலுங்குக் குழந்தை, ஒரு குஜராத்திக் குழந்தை. எல்லாவற்றுக்கும் அவள் ராஜி ஆண்டி. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தேவையும் படவில்லை. கடை, சிநேகிதி வீடு எல்லாமே நடக்கிற தூரம்.

எனக்குத்தான் சொந்த வீடு வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டிப் போனால் மூன்று ஏக்கர் நிலம், பழைய வீடு, பின்னால் இந்தக் கொட்டகை. வீட்டு ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி என்பதையோ, பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை என்பதையோ நான் கவனிக்கவில்லை. புரோக்கர் அம்மாள் சமையலறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கொட்டகையைப் பார்க்க ஓடிவிட்டேன். ராஜேஸ்வரி வாசலில் நின்றபடி கேட்டாள்:

"ஏனுங்க, உங்களுக்கு வூடு வேணுங்களா, கொட்டாய் வேணுங்களா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கையெழுத்துப் போட்டோம்.

ஐந்து குளிர்காலம் அந்த வீட்டில் இருந்தாள். குழந்தைகளை யாரும் அவ்வளவு தூரம் கொண்டுவந்து விடவில்லை. டிரைவிங் டெஸ்ட் இரண்டு முறை போய், இரண்டு முறையும் ஃபெயிலானாள். மூன்றாவது முறை அவளும் கேட்கவில்லை, நானும் கூட்டிப் போகவில்லை. காலை ஆறரைக்கு நான் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவேன். நடுவில் அவள் என்ன செய்தாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஹீட்டரை அறுபத்திரண்டில் வைத்திருந்தேன். நம் ஊர்க் கணக்கில் பதினேழுக்கும் கொஞ்சம் கீழே. ஹீட்டருக்கு ஊற்றுகிற ஆயில் விற்கிற விலைக்கு அதற்கு மேல் வைக்கிறவன் பைத்தியக்காரன் என்பது என் கொள்கை. எங்கள் ஆட்களில் பாதி வீடுகளில் இதே கொள்கைதான், அப்பாமார்கள் ஒன்றுகூடினால் இதைப் பெருமையாகவே பேசிக்கொள்வோம். சுவரில் சூட்டைத் திருகி வைக்கிற தெர்மோஸ்டாட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். குளிர்கிறது என்றால் "ஸ்வெட்டர் போட்டுக்க" என்பேன். கட்டிக்கொண்டவளைக் கொடுமைப்படுத்துகிறோம் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

3

கொட்டகையில் நான் என்ன செய்தேன்? கிரைண்டர்.

இந்த நாட்டுக்கு வருகிற கோயம்புத்தூர்க்காரர்கள் பெட்டியில் கிரைண்டரைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கல்லைப் புடவையில் சுற்றி ஒரு பெட்டி, மோட்டாரை இன்னொரு பெட்டி. இங்கே வந்து பிளக்கைச் செருகினால்தான் தெரியும், ஊர் மின்சாரம் வேறு, இந்த மின்சாரம் வேறு. கல் உருளாது, மோட்டார் முனகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினால் சூடேறி வாசனை வரும். நான் அமெரிக்கா வருவதற்கு முன் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவன். பழைய செப்புக் கம்பியை உருவிவிட்டு, சுற்றைக் குறைத்து, தடித்த கம்பியாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். வேகம் கூடிவிடும் என்பதால் புல்லியையும் மாற்றுவேன். முதலில் ஒரு சிநேகிதனுக்குச் செய்தது, பிறகு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சனிக்கிழமையானால் யாராவது ஒருவர் டிக்கியில் கிரைண்டரோடு வந்து நிற்பார். ராஜேஸ்வரி காபி போட்டுக் கொடுப்பாள். அவர்கள் குடித்துவிட்டு, "ரொம்ப தூரம் ஆண்டி, இருட்டறதுக்குள்ள போகணும்" என்று கிளம்பிவிடுவார்கள்.

குளிர்காலத்தில் இந்த வேலை நடக்காது. குளிரில் வார்னிஷ் காயாது, பிசுபிசுவென்று நிற்கும். கொட்டகைக்குத் தரை போட்டு, சுவரில் பஞ்சு அடைத்து, ஹீட்டர் மாட்ட வேண்டும் என்று ஐந்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு வந்த கோடையில்தான் ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம், திரும்ப ஓடுகிற சத்தம். நித்யா, எங்கள் மகள், வேறு மாநிலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள்.

டவுன்ஷிப் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். கொட்டகையை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி. ஹாபி என்று எழுதினேன். உள்ளே யாராவது தூங்குவார்களா என்று இன்னொரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினாள். வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, இன்னொரு உரிமையாளர் எங்கே? இந்தியாவில் இருக்கிறாள் என்றேன். எப்போது வருவார்? அடுத்த மாதம் என்றேன். அப்படியானால் அடுத்த மாதம் வாருங்கள் என்றாள்.

நான் அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை. படிவத்தைக் கூரியரில் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். ஒன்பது நாளில் திரும்பி வந்தது. பென்சிலால் நான் குறி போட்டிருந்த இடத்தில் ஆர். ராஜேஸ்வரி என்று கையெழுத்து, அதே பள்ளிக்கூடக் கையெழுத்து. உள்ளே வேறு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நானும் அனுப்பும்போது எதுவும் எழுதவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

4

தரைக்குக் கான்கிரீட் போடுவதற்கு மட்டும் ஆள் வைத்தேன். மீதி எல்லாம் நானே. தூணுக்குத் தூண் மரச்சட்டம் அடித்தேன். சட்டங்களுக்கு நடுவே இன்சுலேஷன் அடைத்தேன். இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், கண்ணாடி இழை, தொட்டால் கை முழுக்க அரிக்கும். அதோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள் சுருளும் விற்கிறார்கள், ஈரம் புகாமல் தடுப்பதற்கு. அதைத் தகரத்தை ஒட்டி வெளிப்பக்கமாக அடித்து, அதற்கு உள்ளே பஞ்சை வைத்தேன். மழை எங்கிருந்து வரும்? வெளியிலிருந்துதானே? யோசிக்கவே இல்லை. சுருளின் மேல் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படிக்கவில்லை.

நவம்பரில் குளிர் இறங்கியது. ஒரு சின்ன மண்ணெண்ணெய் ஹீட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். நாலாவது நாள் கழுத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே நல்ல வெயில். உள்ளே மழை. கூரை ஓட்டை என்று முடிவு செய்து, ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஆணித் தலைக்கும் பசை வைத்தேன். இரண்டு வார இறுதி போயிற்று. மூன்றாவது வாரமும் சொட்டியது. சுவரில் அடைத்த பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் பில்டிங் இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய உடம்பு, மெதுவாக நடக்கிற மனிதர். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு மூலையில் பஞ்சை விலக்கி, பின்னால் இருந்த பிளாஸ்டிக்கை விரலால் தட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியா என்றேன். அங்கே சூடாக இருக்கும் இல்லையா என்றார். ஆமாம் என்றேன்.

"தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை" என்று அவர் பாஷையில் நிதானமாகச் சொன்னார். "உங்களிடமிருந்து வருகிறது. உங்கள் மூச்சு, உங்கள் வியர்வை, அந்த ஹீட்டர். சூடான மூச்சு பஞ்சுக்குள் புகுந்து போய்க் குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். பிளாஸ்டிக்கைச் சூடு இருக்கிற பக்கம் அடிக்க வேண்டும். ஆள் இருக்கிற பக்கம்."

சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப அடிக்க வேண்டும். பதினான்கு வருடம் தொழிற்சாலையில் நீராவிக் குழாயோடு மல்லுக்கட்டிய இன்ஜினியர் நான். யாரிடமும் சொல்லிக்கொள்கிற விஷயமா இது? அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜேஸ்வரியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுக்கு இன்ஸ்பெக்டரு வரோணுங்களா? என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். நம்ம ரூம்பு ஜன்னல்ல தெனமும் காலைல தண்ணி வழியுமே."

"எந்த ஜன்னல்?"

"எல்லா ஜன்னலும்தானுங்க. நீங்க வேலைக்குப் போனதும் துண்டு வெச்சுத் தொடைப்பேன். பத்து மணி ஆயிரும். சட்டமெல்லாம் கருப்புப் பூத்துப் போயிருக்குமே, பாக்கலீங்களா?"

"நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னனுங்க. சமைக்கறப்ப மூடி வெச்சுச் சமைன்னீங்க."

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். படுக்கையறை ஜன்னலின் மரச்சட்டம் கருத்துப் போயிருந்தது. அடியில் ஒரு பழைய துண்டு மடித்து வைத்திருந்தது, காய்ந்து விறைத்து. அதை எடுத்துத் துவைக்கப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

5

டிசம்பர் நடுவில் வேலை முடிந்தது. பிளாஸ்டிக்கைச் சரியான பக்கம் அடித்து, மேலே பலகை வைத்து, வெள்ளை அடித்தேன். கூரையிலிருந்து தொங்குகிற கேஸ் ஹீட்டர் ஒன்று மாட்டினேன். இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை வந்து பச்சைச் சீட்டுக் கொடுத்துக் கையும் குலுக்கினார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நித்யா வந்தாள். ஐந்து வயதில் இங்கே வந்தவள். நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். வீட்டுக்குள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே சுற்றிக்கொண்டிருந்தாள். "வா கண்ணு, அப்பா என்ன பண்ணியிருக்கேன்னு பாரு" என்று கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் அப்படியே நின்றாள்.

"ஓ மை காட். அப்பா, இட்ஸ் ஸோ வார்ம்."

ஜாக்கெட்டைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த ஸ்வெட்டரையும் கழற்றினாள். வேலை மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுவரில் என்ன இருக்கிறது, கூரையில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் தெர்மோஸ்டாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாட்ஸ் இட் செட் அட்?"

"செவன்ட்டி. அதுக்குக் கீழ போனா வார்னிஷ் காயாது கண்ணு."

அவள் கால் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"ஸோ, வார்னிஷுக்கு செவன்ட்டி" என்றாள், தமிழில். "அம்மாவுக்கு சிக்ஸ்டி டூ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீடு பெரிசு, கொட்டகை சின்னது, ஆயில் வேறு கேஸ் வேறு என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அம்மா தினமும் படுக்கப் போகும் முன் ஹேர் டிரையரைப் போர்வைக்குள் விட்டுச் சூடாக்கிக்கொண்டுதான் படுப்பாள், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் எட்டு மணிச் செய்தி பார்த்துவிட்டு வருவதற்குள் ராஜேஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அசதி என்றுதான் நினைத்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"ஷீ டிட், அப்பா. லைக், எவ்ரி டே."

கத்தவில்லை. அழவும் இல்லை. கழற்றிய ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காலேஜுக்குத் திரும்புகிற அன்று பார்த்தேன், சுவரில் தெர்மோஸ்டாட்டில் நான் போட்டிருந்த பென்சில் கோடு அழிந்திருந்தது. ரப்பர் தூள் கீழே கிடந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் விடும்போது "டேக் கேர்" என்று தோளில் தட்டினாள், பெரிய மனுஷி மாதிரி.

6

அதற்குப் பிறகு மூன்று மாதம் போய்விட்டது. வேலைக்குப் போகிறேன். வருகிறேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை சோறு வடித்து வைத்துக்கொள்கிறேன். கொட்டகைக்கு வந்து கம்பி சுற்றுகிறேன். எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும், நூற்று இருபது, நூற்று இருபத்தொன்று. எண்ணும்போது வேறு எதுவும் தோன்றாது என்பதால் அந்த வேலை பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை கிரைண்டரோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான். "ஆண்டி எப்ப வராங்க அங்கிள்?" அடுத்த மாசம் என்பேன். எத்தனை அடுத்த மாசம் சொன்னேனோ. மாமியாருக்கு உடம்பு இன்னும் சரியாகவில்லை என்று பொய்யும் சேர்த்துக்கொண்டேன். பாவம், அந்த அம்மாள் அங்கே கடைக்கு நடந்து போய்க் காய் வாங்கி வந்துகொண்டிருக்கிறார். நம் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் காபி டம்ளரைக் கீழே வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். போன வாரம் ஒரு பெண் வந்தாள், அவள் பையனை ராஜேஸ்வரி மூன்று வருடம் வளர்த்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "ஆண்டி இங்க இருக்கறப்ப நாங்க யாருமே வந்து பாக்கலை அங்கிள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். நானே பார்க்கவில்லை, நீ எங்கேம்மா பார்ப்பாய் என்று சொல்லவில்லை.

ராஜேஸ்வரி அங்கே சும்மா இல்லை. அவள் அம்மா வீட்டு முன்னறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். முதலில் இரண்டு குழந்தை என்றாள், பிறகு ஆறு, இப்போது பதினொன்று. வேலைக்குப் போகிற தாய்மார்கள் அங்கேயும் பெருகிவிட்டார்களாம். எப்போதாவது வேலை நாளில் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டால், மாலையில் தாமதமாகக் கூட்டிப் போகிற குழந்தைகளின் சத்தம் போனில் கேட்கும். "டேய், அவன உடுறா சாமி, கண்ணல்ல" என்று நடுவில் அதட்டுவாள். அந்தக் குரலை நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கேட்டது. இந்த வீட்டில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. உறைக்கிறது என்று எழுதுகிறேனே தவிர, வலி என்று எதுவும் தெரியவில்லை. வரும் என்று காத்திருக்கிறேன்.

மணி ஒன்பதாகிறது.

7

பேசிவிட்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சா?" என்றேன்.

"இல்லீங்க" என்றாள்.

குழந்தைச் சத்தம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ராஜி, வியாழக்கிழமை தாண்டுனா அட்டை போயிரும்."

"தெரியுங்க."

"இந்தப் பாரு. ஜன்னல் எல்லாத்தையும் மாத்தறதுக்கு ஆள் பேசியிருக்கேன், ரெட்டைக் கண்ணாடி போட்டு. ஹீட்டு நீ எவ்வளவு வேணுமோ வெச்சுக்க. டிரைவிங் நானே சொல்லித் தர்றேன். அஞ்சு வருசம் உன்னையக் குளுருல வெச்சிருந்தேன். என்ற மேலதான் தப்பு."

இருபத்திரண்டு வருடத்தில் தப்பு என்ற வார்த்தையை அவளிடம் நான் சொன்னது இதுதான் முதல் முறை. சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது போல. அவள் அவசரப்படாமல் பதில் சொன்னாள்.

"குளுரு பழகிருச்சுங்க. அதொண்ணும் பெருசில்ல."

"அப்புறம் என்ன?"

"குளுருதுங்கன்னு சொல்லுவேன். டிவியப் பாத்துட்டே ஸ்வெட்டர் போட்டுக்கம்பீங்க. ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருந்தீங்கன்னாத் தெரிஞ்சிருக்கும். நான் ஸ்வெட்டர் போட்டுட்டுத்தானுங்க சொல்லுவேன்."

பல் டாக்டர் போட்ட மரப்பு ஊசி விட்டுப்போகிற நேரம் அது என்று நினைக்கிறேன். வலித்தது.

"கோவமெல்லாம் இல்லீங்க" என்றாள் அவளே. "மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா இங்க காலைல கதவத் தொறந்தா பதினோரு பேரு என்னைய ஏறிட்டுப் பாக்குதுங்க. அத உட்டுட்டு வர முடியாதுங்க. டிக்கெட்ட மாத்திக் காசு வாங்க முடியும்னா வாங்கிக்கோங்க."

"அப்ப நான் அங்க வரட்டுமா?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவளும் யோசிக்கவில்லை.

"வாங்க. எப்ப வர்றீங்க?"

"சித்திரைல லீவு கேக்கறேன்."

"எத்தன நாளு இருப்பீங்க?"

"மூணு வாரம்" என்றேன். எப்போது ஊருக்குக் கிளம்பினாலும் கம்பெனியில் எழுதிக் கொடுக்கிற எண் அது. சொல்லி முடித்த பிறகுதான் அவள் எதைக் கேட்டாள் என்று புரிந்தது. மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் எப்படிப் பேசுவாளோ அந்தக் குரலில், அக்கறையாக.

"சரிங்க. சித்திரைன்னா இங்க வெக்கை கொளுத்துமுங்க, உங்களுக்கு இப்பத் தாங்காது. தேதி மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, நீங்க தங்கற ரூம்புக்கு ஏசி மாட்டச் சொல்லிர்றேன்."